சங்க யாப்பும் பணிப்பாளர் சபையும்: ஒன்ராறியோச் சட்டம் வகுத்துள்ள விதிகள்

ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், ஆலயங்கள், முதியோர் மன்றங்கள், தமிழ்ப் பாடசாலைகள், கலைக் கழகங்கள் என ஒன்ராறியோவில் வாழும் தமிழர் நிறுவி நடத்தும் பொது அமைப்புகள் பல. அவற்றுட் பெரும்பாலானவை ஓர் யாப்பைக் கொண்டுள்ளன. ஆயினும், அமைப்பு தொடங்கிய நாளில் எழுதப்பெற்ற அந்த யாப்பு அதன் பின்னர் எவராலும் திறந்து பார்க்கப்படாமலே கோப்பில் உறங்குவதும் உண்டு. நிர்வாகத்தினரிடையே கருத்து வேறுபாடு எழும்போதோ, ஒருவரை உறுப்புரிமையிலிருந்து நீக்க முற்படும்போதோ, வங்கியோ மானியம் வழங்கும் நிறுவனமோ ஆவணம் கேட்கும்போதோதான் யாப்பு வெளியே எடுக்கப்படுகின்றது. அவ்வேளையில், யாப்பில் எழுதியுள்ளதைச் சட்டம் ஏற்கின்றதா என்னும் கேள்வியும் உடன் எழுகின்றது.

அக்கேள்விக்கான விடை அண்மைய ஆண்டுகளில் மாறியுள்ளது. ‘இலாப நோக்கற்ற கூட்டுத்தாபனங்கள் சட்டம், 2010’ எனப்படும் ஒன்ராறியோச் சட்டம் 2021 ஒக்ரோபர் 19ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே இயங்கிவந்த அமைப்புகள் தமது ஆவணங்களைப் புதிய சட்டத்துக்கு இணங்கத் திருத்திக்கொள்வதற்கு மூன்று ஆண்டு அவகாசம் வழங்கப்பட்டது. அந்த அவகாசம் 2024 ஒக்ரோபர் 18ஆம் நாளுடன் முடிவடைந்துவிட்டது. சங்க உறுப்பினரும் நிர்வாகத்தினரும் அறிந்திருக்க வேண்டிய முக்கிய விதிகள் இங்கே விளக்கப்படுகின்றன.

எந்த அமைப்புகளுக்கு இச்சட்டம் பொருந்தும்?

ஒன்ராறியோச் சட்டத்தின் கீழ்க் கூட்டிணைக்கப்பெற்ற, பங்கு மூலதனம் இல்லாத அமைப்புகளுக்கே பொதுவாக இச்சட்டம் பொருந்தும். மத்திய அரசின் கீழ்க் கூட்டிணைக்கப்பெற்ற அமைப்புகளை ‘கனடா இலாப நோக்கற்ற கூட்டுத்தாபனங்கள் சட்டம்’ என்னும் வேறொரு சட்டம் ஆள்கின்றது. இரண்டும் பல இடங்களில் ஒத்திருப்பினும் ஒன்றன் விதியை மற்றதற்குப் பொருத்துதல் தவறாகும். கூட்டிணைக்கப்படாது, உறுப்பினரின் உடன்பாட்டில் மட்டும் இயங்கும் மன்றங்கள் இவ்விரு சட்டங்களுக்கும் புறம்பானவை.

ஓர் அமைப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அதன் கூட்டிணைப்புப் பத்திரத்தின் தலைப்பே காட்டிவிடும். அப்பத்திரம் கைவசம் இல்லையெனின் ‘ஒன்ராறியோ வர்த்தகப் பதிவகம்’ என்னும் மாகாண அரசின் இணையப் பதிவேட்டில் அமைப்பின் பெயரைத் தேடி அறியலாம். வருமான வரிச் சட்டத்தின் கீழ்த் தரும நிறுவனமாகப் பதிவுபெற்றிருத்தல் வேறு, கூட்டிணைக்கப்பெற்றிருத்தல் வேறு. தரும நிறுவன இலக்கம் உள்ளது என்பதனால் ஏனைய சட்டங்களின் கடமைகள் நீங்கிவிடுவதில்லை.

சட்டம், கூட்டிணைப்புப் பத்திரம், யாப்பு

ஓர் அமைப்பை ஆளும் விதிகள் மூன்று படிகளில் அமைந்துள்ளன. முதற்படியில் உள்ளது சட்டம். அடுத்தது கூட்டிணைப்புப் பத்திரம். ஆங்கில வழக்கில் ‘ஆர்ட்டிகிள்ஸ்’ என்றும், பழைய அமைப்புகளில் ‘லெற்றர்ஸ் பேற்றன்ற்’ என்றும் குறிக்கப்பெறுவது இதுவே. மூன்றாவது, ‘பைலோ’ எனப்படும் யாப்பு விதிகள். யாப்பு கூட்டிணைப்புப் பத்திரத்துக்கு முரணாக இருத்தல் ஆகாது. இவ்விரண்டும் சட்டத்துக்கு முரணாக இருத்தல் ஆகாது.

அவகாசக் காலம் முடிந்தபின், சட்டத்துக்கு முரணான பழைய விதிகள் சட்டத்துக்கு இணங்கும் அளவுக்குத் திருத்தப்பட்டனவாகவே கொள்ளப்படும். பணிப்பாளரின் எண்ணிக்கை, உறுப்பினர் வகுப்புகள், அவர்களது வாக்குரிமை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. கூட்டிணைப்புப் பத்திரத்தில் இருக்க வேண்டிய இவ்விடயங்கள் பழைய ஆவணங்களில் வேறிடத்தில் எழுதப்பட்டிருப்பினும், பத்திரம் திருத்தப்படும் வரை அவை செல்லும்.

யாப்பைத் திருத்தாது விட்டமையால் எந்த அமைப்பும் கலைந்துபோவதில்லை. எனினும், யாப்பின் ஏட்டில் ஒன்றும் சட்டத்தில் வேறொன்றுமாக இரண்டு விதிகள் நிற்கும் நிலை உருவாகின்றது. ஏட்டை மட்டும் படித்து முடிவெடுக்கும் நிர்வாகம், தான் அறியாமலே செல்லாத முடிவை எடுக்க நேரிடும். பழைய யாப்பைத் திருத்த வேண்டும் என்பதற்கு இதுவே முதற்காரணம்.

புதிதாகக் கூட்டிணைக்கப்பெறும் அமைப்பு 60 நாள்களுக்குள் தனக்கென யாப்பு விதிகளை நிறைவேற்றாவிடின், அரசு அங்கீகரித்த பொது யாப்பு அதன் யாப்பாகிவிடும். பின்னர் அதனைத் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

யாப்பை மாற்றும் அதிகாரம் யாருக்கு?

யாப்பு விதிகளை ஆக்கவும் திருத்தவும் நீக்கவும் பணிப்பாளர் சபைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்த அதிகாரம் முடிவானது அன்று. பணிப்பாளர் சபை செய்த மாற்றத்தை அடுத்த உறுப்பினர் கூட்டத்தில் முன்வைத்தே ஆக வேண்டும். உறுப்பினர் அதனைச் சாதாரண தீர்மானத்தால், அதாவது அளிக்கப்பட்ட வாக்குகளில் அரைவாசிக்கு மேற்பட்டவற்றால், ஏற்கலாம், திருத்தி ஏற்கலாம், அல்லது நிராகரிக்கலாம். கூட்டத்தில் முன்வைக்கப்படாத மாற்றமும் நிராகரிக்கப்பட்ட மாற்றமும் வலுவிழக்கும். நிராகரிக்கப்பட்ட விதியையே பணிப்பாளர் சபை வேறு சொற்களில் மீண்டும் கொண்டுவருமாயின், உறுப்பினர் உறுதிப்படுத்தும் வரை அது நடைமுறைக்கு வராது.

சில மாற்றங்களுக்குச் சாதாரண தீர்மானம் போதாது. அமைப்பின் பெயர், நோக்கம், உறுப்பினர் வகுப்புகள், உறுப்பினராவதற்கான நிபந்தனைகள், உறுப்பினருக்கு அறிவித்தல் கொடுக்கும் முறை, கூட்டத்துக்கு வராதோர் வாக்களிக்கும் முறை ஆகியவற்றை மாற்றுவதற்கு விசேட தீர்மானம் வேண்டும். விசேட தீர்மானம் என்பது அளிக்கப்பட்ட வாக்குகளில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினால் நிறைவேறுவது. இத்தகைய மாற்றங்கள் பணிப்பாளர் சபையின் முடிவினால் மட்டும் நடைமுறைக்கு வருவதில்லை.

இங்கே ‘மூன்றில் இரண்டு’ என்பது மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கன்று, அளிக்கப்பட்ட வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கே. 90 உறுப்பினர் கொண்ட சங்கத்தின் முறையான கூட்டத்தில் 48 வாக்குகள் அளிக்கப்பட்டால், 32 வாக்குகள் போதும். கூட்டத்துக்குச் செல்லாதிருப்பவர் தம் எதிர்ப்பைத் தெரிவித்தவராகக் கொள்ளப்படமாட்டார்.

பணிப்பாளர் எனப்படுவோர் யாவர்?

தமிழ் அமைப்புகள் நிர்வாக சபை, செயற்குழு, அறங்காவலர் சபை, பரிபாலன சபை எனப் பல பெயர்களை வழங்குகின்றன. பெயர் எதுவாயினும், பணிப்பாளரின் நிலையில் இருந்து செயற்படுபவரைச் சட்டம் பணிப்பாளராகவே கருதுகின்றது. ‘செயற்குழுவில் பெயருக்கு இருந்தேன்’ என்னும் விளக்கம் பொறுப்பிலிருந்து ஒருவரை விடுவிப்பதில்லை.

பணிப்பாளர் சபையில் குறைந்தது மூவர் இருத்தல் வேண்டும். ஒவ்வொருவரும் 18 வயதுக்குக் குறையாதவராகவும், கடனிறுக்க வகையற்றவராக அறிவிக்கப்பட்ட நிலையில் இல்லாதவராகவும், தம் அலுவல்களைக் கவனிக்க இயலாதவர் எனச் சட்டப்படி தீர்மானிக்கப்படாதவராகவும் இருத்தல் வேண்டும். யாப்பு வேறுவிதமாகக் கூறாவிடின், பணிப்பாளர் அச்சங்கத்தின் உறுப்பினராக இருக்க வேண்டுவதில்லை. உறுப்பினர் மட்டுமே பணிப்பாளராகலாம் என்று கருதும் சங்கம் அதனை யாப்பில் எழுதிவைத்தல் அவசியம். தெரிவு செய்யப்பட்டவர் தாம் பதவியை ஏற்பதாக, தெரிவுக்கு முன்னரோ தெரிவிலிருந்து 10 நாள்களுக்குள்ளோ எழுத்தில் சம்மதம் தெரிவித்தல் வேண்டும். கூட்டத்துக்கு வராதவரின் பெயரை முன்மொழிந்து நிரப்பிவிடும் வழக்கமுள்ள சங்கங்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

ஒருவரை ஒரே தடவையில் நான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்குத் தெரிவு செய்ய இயலாது. நான்கு ஆண்டு முடிந்தபின் மீண்டும் தெரிவாவதைச் சட்டம் தடுக்கவில்லை. அதற்கு எல்லை வேண்டுமெனின் யாப்பே வகுக்க வேண்டும். வேறொரு பதவியை வகிப்பதன் வழியாகப் பணிப்பாளராவோருக்குச் சட்டம் தனியாக இடமளிக்கின்றது. ஆனால், நிறுவியவர் என்னும் மதிப்பினால் ஒருவரை ஆயுட்காலப் பணிப்பாளராகத் தெரிவு செய்யும் விதி இச்சட்டத்தின் கீழ் நிலைக்காது. அத்தகைய பெரியோரைக் காப்பாளர், போசகர் என மதிப்புப் பதவிகளில் வைத்துப் போற்றலாம். அவர்களுக்குப் பணிப்பாளர் சபையில் வாக்கு உண்டா இல்லையா என்பதை யாப்பு தெளிவாகக் கூற வேண்டும்.

பதவிக்காலத்தின் இடையில் ஒருவர் விலகினாலோ காலமானாலோ, ஏனைய பணிப்பாளர் நடப்பெண் குறையாதிருப்பின் பொதுவாக அவ்விடத்தை நிரப்பலாம். பணிப்பாளர் கூட்டத்தில் வராதவருக்காக வேறொருவர் அமர்ந்து வாக்களிக்க இயலாது. கணவருக்காக மனைவியோ, செயலாளருக்காக உதவிச் செயலாளரோ வாக்களிக்கும் வழக்கம் சட்டத்துக்குப் புறம்பானது.

பணிப்பாளரின் கடமையும் பொறுப்பும்

பணிப்பாளர் நேர்மையுடனும் நல்லெண்ணத்துடனும் அமைப்பின் நலனைக் கருதியே செயற்பட வேண்டும். விவேகமுள்ள ஒருவர் அத்தகைய சூழ்நிலையில் காட்டும் கவனத்தையும் விடாமுயற்சியையும் காட்ட வேண்டும். தம்மைத் தெரிவு செய்த ஊரவருக்கோ, வகுப்புத் தோழருக்கோ, குடும்பத்துக்கோ அன்றி, முழு அமைப்புக்கும் அவர் கடமைப்பட்டவர்.

அமைப்பு செய்யும் முக்கியமான ஒப்பந்தத்தில் பணிப்பாளருக்குத் தனிப்பட்ட நலன் இருக்குமாயின், அதனை அவர் சபைக்கு வெளிப்படுத்த வேண்டும். சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு உணவு வழங்கும் நிறுவனத்தில் பொருளாளர் பங்காளியாக இருப்பதாகக் கொள்வோம். அவர் அதனைத் தெரிவிப்பதோடு, அந்த ஒப்பந்தம் பற்றிப் பேசப்படும் வேளையில் கூட்டத்தை விட்டு வெளியேறவும் வேண்டும், வாக்களிக்கவும் கூடாது. வெளிப்படுத்தியமை கூட்டறிக்கையில் பதியப்படுதல் நன்று. விலை மலிவாக இருந்தது, தரம் நன்றாக இருந்தது என்பன பின்னர் கூறப்படும் சமாதானங்களே. முன்னரே வெளிப்படுத்தவில்லை என்னும் குறையை அவை நீக்குவதில்லை. தரும நிறுவனங்களின் பணிப்பாளர் இதைவிடக் கடுமையான விதிகளுக்கு உட்பட்டவர்.

ஊழியரைச் சம்பளத்துக்கு அமர்த்தியுள்ள அமைப்புகளில் பொறுப்பு இன்னும் கனமானது. அமைப்பினால் கொடுக்க இயலாத ஊழியர் சம்பளத்துக்கு, சட்டம் வகுத்துள்ள நிபந்தனைகளின் கீழ், ஆறு மாதச் சம்பளம் வரை பணிப்பாளர் கூட்டாகவும் தனியாகவும் பொறுப்பாகலாம். ஆசிரியருக்கோ அர்ச்சகருக்கோ சம்பளம் நிலுவையில் உள்ளபோது, பதவியில் இருப்போர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

உறுப்பினர் யார் என்பதே அடிப்படை

பல பிணக்குகளின் வேர், உறுப்பினர் யாவர் என்பது தெளிவின்றிக் கிடப்பதே. சந்தா செலுத்தியவர், நன்கொடை வழங்கியவர், விழாவுக்கு வருபவர், ஆலயத்தில் வழிபடுபவர் எல்லோரும் கூட்டுத்தாபனத்தின் உறுப்பினர் ஆகிவிடுவதில்லை. உறுப்பினராவதற்கான நிபந்தனைகளை யாப்பு வகுக்க வேண்டும். அந்நிபந்தனைகளை நிறைவு செய்தவரே உறுப்பினர்.

இவ்வேறுபாட்டின் கனத்தைக் கனடிய உச்ச நீதிமன்றம் 2021இல் வழங்கிய தீர்ப்பொன்று காட்டுகின்றது. ரொறன்ரோவிலுள்ள எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையொன்றின் சபையார் ஐவர் சபையிலிருந்து விலக்கப்பட்டு, நீதிமன்றத்தை நாடினர். அத்திருச்சபை கூட்டிணைக்கப்பெற்றிருந்தது, எனினும் அவ்வைவர் கூட்டுத்தாபனத்தின் உறுப்பினராக விண்ணப்பித்திருக்கவில்லை. சமயச் சபையொன்றில் சேர்ந்து, காணிக்கை செலுத்தி வந்தமை மட்டுமே சட்டத்தால் நிறைவேற்றத்தக்க ஒப்பந்தத்தை உருவாக்குவதில்லை என உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. சட்ட உரிமையொன்று இல்லாதவிடத்து நீதிமன்றம் தலையிடுவதில்லை. இருபது ஆண்டு ஓர் ஆலயத்துக்குத் தொண்டு செய்தவராயினும், அவர் பெயர் உறுப்பினர் பதிவேட்டில் இல்லையெனின், பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கும் உரிமை அவருக்கு இல்லாது போகலாம்.

உறுப்பினரை ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்தவோ நீக்கவோ விரும்பும் அமைப்பு, அதற்கான அதிகாரத்தை யாப்பிலோ கூட்டிணைப்புப் பத்திரத்திலோ முன்னரே கொண்டிருத்தல் வேண்டும். அந்த அதிகாரத்தை நல்லெண்ணத்துடனும் நியாயமாகவும் செலுத்த வேண்டும். காரணங்களைக் கூறி, குறைந்தது 15 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். நடவடிக்கை நடைமுறைக்கு வருவதற்குக் குறைந்தது ஐந்து நாள்களுக்கு முன்னர், வாய்மொழியாகவோ எழுத்திலோ தம் தரப்பைக் கூற அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும். செயலாளர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒருவரை அகற்றிவிடுவதனால் அவரது உறுப்புரிமை அகன்றுவிடுவதில்லை.

உறுப்பினர் பட்டியலைப் பெறவும் உறுப்பினருக்கு உரிமை உண்டு. அதற்குச் சத்தியக் கூற்று வழங்க வேண்டும். பெறப்பட்ட பட்டியலை வாக்குக் கோருதல், கூட்டம் கூட்டக் கோருதல் போன்ற அமைப்பின் அலுவல்களுக்கு மட்டுமே பயன்படுத்தலாம். வியாபார விளம்பரத்துக்கு அதனைப் பயன்படுத்தல் ஆகாது.

பொதுக்கூட்டம்: நாளும் எண்ணும்

கூட்டிணைக்கப்பெற்று 18 மாதங்களுக்குள் முதலாவது வருடாந்தப் பொதுக்கூட்டம் நடைபெற வேண்டும். அதன் பின்னர், ஒரு வருடாந்தக் கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 15 மாதங்களுக்கு மேற்படக் கூடாது. மண்டபம் கிடைக்கவில்லை, விழாக் காலம் குறுக்கிட்டது என்பன கூட்டத்தை ஆண்டுக்கணக்கில் ஒத்திவைப்பதற்கான காரணங்கள் ஆகா. யாப்பு தடுக்காவிடின், உறுப்பினர் கூட்டத்தைத் தொலைபேசி வழியாகவோ இணையவழியாகவோ நடத்தவும் சட்டம் இடமளிக்கின்றது. பங்குபற்றுவோர் கேட்கவும் பேசவும் வாக்களிக்கவும் இயல வேண்டும்.

கூட்ட அறிவித்தல், கூட்டத்துக்கு 10 நாள்களுக்குக் குறையாமலும் 50 நாள்களுக்கு மேற்படாமலும் முன்னதாகக் கொடுக்கப்பட வேண்டும். வழமையான அலுவல்களுக்குப் புறம்பான எதனையும் கூட்டத்தில் எடுப்பதாயின், உறுப்பினர் அதனைப் புரிந்து முடிவெடுக்கத் தக்கவாறு அறிவித்தலிலேயே விளக்கியிருத்தல் வேண்டும். ‘பிற விடயங்கள்’ என்னும் தலைப்பின் கீழ் யாப்புத் திருத்தம் ஒன்றைக் கொண்டுவருதல் முறையன்று.

கூட்ட நடப்பெண்ணை, அதாவது கோரத்தை, யாப்பு வகுக்கலாம். வகுக்காவிடின் வாக்குரிமையுள்ள உறுப்பினரில் பெரும்பான்மையினர் சமுகமளித்திருக்க வேண்டும். 300 உறுப்பினர் கொண்ட ஒரு சங்கத்தின் யாப்பு இதுபற்றி மௌனமாக இருப்பின், 151 பேர் வராமல் அங்கே எந்தத் தீர்மானமும் நிறைவேற்ற இயலாது. அடையத்தக்க ஓர் எண்ணை யாப்பில் எழுதிவைக்க வேண்டியதன் அவசியம் இதனாற் புலப்படும். கூட்டத்துக்கு வராதோர் பதிலாள் வழியாக வாக்களிக்க வேண்டுமெனின், அதற்கும் யாப்பில் இடம் இருத்தல் வேண்டும்.

நிர்வாகம் கூட்டம் கூட்ட மறுத்தால்

நிர்வாகம் கூட்டத்தைக் கூட்டாது காலம் கடத்தும்போது உறுப்பினர் கையறு நிலையில் நிற்க வேண்டியதில்லை. வாக்குகளில் குறைந்தது 10 வீதத்தைக் கொண்ட உறுப்பினர், கூட்டத்தின் நோக்கத்தை எழுதிக் கையொப்பமிட்டு, கூட்டம் கூட்டுமாறு பணிப்பாளர் சபையைக் கோரலாம். இதைவிடக் குறைந்த வீதத்தை யாப்பு விதிக்கலாம். கூடிய வீதத்தை விதிக்க இயலாது. 120 உறுப்பினர் கொண்ட சங்கத்தில் 12 பேரின் கையொப்பம் போதும். கோரிக்கை கிடைத்த 21 நாள்களுக்குள் பணிப்பாளர் சபை கூட்டத்தை அழைக்காவிடின், கையொப்பமிட்டவருள் எவரும் கூட்டத்தை அழைக்கலாம். அதற்கான நியாயமான செலவை, உறுப்பினர் வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி, அமைப்பே ஈடு செய்ய வேண்டும்.

தனியொரு உறுப்பினரும் வருடாந்தக் கூட்டத்துக்குப் பிரேரணை அனுப்பலாம். கூட்டத்துக்குக் குறைந்தது 60 நாள் முன்னதாக அது கிடைத்திருப்பின், சட்டம் கூறும் சில விலக்குகளுக்கு உட்பட்டு, கூட்ட அறிவித்தலில் அதனைச் சேர்க்க வேண்டும்.

தெரிவு செய்யப்பட்ட பணிப்பாளர் ஒருவரை, அதற்கெனக் கூட்டப்பட்ட விசேட கூட்டத்தில், உறுப்பினர் சாதாரண தீர்மானத்தால் நீக்கலாம். பணிப்பாளரை நீக்க மூன்றில் இரண்டு பங்கு அல்லது நான்கில் மூன்று பங்கு வாக்குகள் வேண்டும் எனப் பழைய யாப்புகளில் காணப்படும் விதி இனிச் செல்லாது. நீக்கப்படவிருப்பவருக்குத் தம் நிலைப்பாட்டை உறுப்பினருக்குத் தெரிவிக்கும் உரிமை உண்டு. பணிப்பாளர் சபை தன்னுள் ஒருவரை இவ்வாறு வாக்கெடுத்து நீக்க இயலாது. அந்த உரிமை உறுப்பினருக்கே உரியது.

கணக்காய்வும் பொதுநலக் கூட்டுத்தாபனமும்

சட்டம் சில அமைப்புகளைப் ‘பொதுநலக் கூட்டுத்தாபனம்’ என வகைப்படுத்துகின்றது. தரும நோக்கமுள்ள கூட்டுத்தாபனங்கள் யாவும் இதில் அடங்கும். தரும நோக்கமில்லாத அமைப்பாயினும், ஒரு நிதியாண்டில் தன் உறுப்பினர், பணிப்பாளர், பதவியாளர், ஊழியர் அல்லாத வெளியாரிடமிருந்து நன்கொடையாகவோ, மத்திய, மாகாண, நகர அரசுகளிடமிருந்து மானியமாகவோ 10,000 டொலருக்கு மேற் பெற்றால், அடுத்த நிதியாண்டில் அது பொதுநலக் கூட்டுத்தாபனமாகக் கருதப்படும். நகரசபையின் மானியமும் இக்கணக்கிற் சேரும். மானியத்துக்கு விண்ணப்பிக்கும் சங்கங்கள் இதனை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் நன்று.

இவ்வகைப்பாட்டினால் விளையும் மாற்றங்கள் மூன்று. முதலாவதாக, பணிப்பாளருள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் அமைப்பின் ஊழியராக இருக்க இயலாது.

இரண்டாவது, கணக்காய்வு பற்றியது. பொதுநலக் கூட்டுத்தாபனத்தின் ஆண்டு வருமானம் 500,000 டொலர் அல்லது அதற்கு மேற்பட்டதாயின் கணக்காய்வு கட்டாயம். வருமானம் 100,000 டொலருக்கு மேற்பட்டு 500,000 டொலருக்குக் குறைந்திருப்பின், கணக்காய்வுக்குப் பதிலாகச் செலவு குறைந்த கணக்கு மீளாய்வைத் தெரிவு செய்யலாம். 100,000 டொலர் அல்லது அதற்குக் குறைவாயின் இரண்டையும் தவிர்க்கலாம். பொதுநலக் கூட்டுத்தாபனம் அல்லாத அமைப்பு, 500,000 டொலர் வரை இரண்டையும் தவிர்க்கலாம். அதற்கு மேற்பட்டால் மீளாய்வைத் தெரிவு செய்யலாம்.

இச்சலுகைகள் தாமாகவே கிடைப்பனவல்ல. அளிக்கப்பட்ட வாக்குகளில் குறைந்தது 80 வீதத்தால் நிறைவேறும் அதிவிசேட தீர்மானத்தை உறுப்பினர் நிறைவேற்ற வேண்டும். 40 வாக்குகள் அளிக்கப்பட்டால் 32 வாக்குகள் ஆதரவாக இருத்தல் வேண்டும். அத்தீர்மானம் அடுத்த வருடாந்தக் கூட்டம் வரையே செல்லும். ஆண்டுதோறும் புதிதாக நிறைவேற்ற வேண்டும். ‘எங்களுடையது சிறிய சங்கம், கணக்காய்வு தேவையில்லை’ எனப் பொருளாளர் தாமாக முடிவு செய்ய இயலாது. எந்நிலையிலும் நிதி அறிக்கை உறுப்பினர் முன் வைக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, அமைப்பைக் கலைக்கும் வேளையில் எழுவது. பொதுநலக் கூட்டுத்தாபனம் கலைக்கப்பட்டால், கடன்கள் தீர்ந்தபின் எஞ்சும் சொத்தை உறுப்பினர் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள இயலாது. அது ஒத்த நோக்கமுள்ள, சட்டம் அனுமதிக்கும் வேறோர் அமைப்புக்கோ அரசுக்கோ செல்ல வேண்டும். பல ஆண்டு சேமிப்பைக் கொண்ட சங்கங்களும் கட்டடம் வாங்கிய சங்கங்களும் இவ்விதியை அறியாது முடிவெடுத்தல் கூடாது.

தமிழ் யாப்பும் ஆங்கில யாப்பும்

யாப்பு விதிகளை அரசிடம் பதிவு செய்ய வேண்டியதில்லை. அமைப்பின் பதிவேடுகளுடன் பேணினாற் போதும். ஆகையால் யாப்பின் சரியான படி எது என்பதற்குச் சங்கமே சாட்சி. தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக இரண்டு யாப்புகள் புழங்கும் அமைப்புகளில், இரண்டும் வேறுபடும்போது எது மேலோங்கும் என்பதை யாப்பிலேயே எழுதிவைக்க வேண்டும்.

வேறுபாடு எழும் இடங்கள் பெரும்பாலும் சிறு சொற்களே. ‘உறுப்பினர்’ என்னும் சொல் சங்கத்தின் உறுப்பினரையும் செயற்குழு உறுப்பினரையும் ஒருங்கே குறிக்கும் வகையில் எழுதப்படுகின்றது. ‘உறுப்பினரில் பெரும்பான்மையோர் சம்மதம்’ என்னும் தொடரில் எந்த உறுப்பினர் கருதப்பட்டனர் என்பது வழக்குக்கு உரிய கேள்வியாகிவிடலாம். செயற்குழுவினரைப் ‘பணிப்பாளர்’ எனவும், சங்கத்தைச் சேர்ந்தோரை மட்டும் ‘உறுப்பினர்’ எனவும் வழங்கினால் அக்குழப்பம் நீங்கும். அவ்வாறே, ‘மூன்றில் இரண்டு’ என எழுதும் இடங்களில் எதன் மூன்றில் இரண்டு என்பதையும், ‘ஆண்டு’ என எழுதும் இடங்களில் நாட்காட்டி ஆண்டா நிதியாண்டா என்பதையும் விரித்தெழுதுதல் நன்று.

பிணக்கு எழுந்தால்

சங்கங்களின் உட்பிணக்கில் நகரசபையோ மாகாண அமைச்சோ தீர்ப்பு வழங்குவதில்லை. எந்த நிர்வாகம் முறையானது என்னும் கேள்வியை முடிவாகத் தீர்க்க வல்லது ஒன்ராறியோ உயர் நீதிமன்றமே. தெரிவு முறையாக நடைபெற்றதா என்பதை ஆராயவும், கூட்டம் கூட்டப் பணிக்கவும், சட்டத்துக்கும் யாப்புக்கும் இணங்கி நடக்கக் கட்டளையிடவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் வழக்கின் செலவு பெரும்பாலும் இரு தரப்பினர் கையிலிருந்தும் சங்கத்தின் நிதியிலிருந்துமே போகின்றது. பிணக்குகளை முதலில் இணக்கப் பேச்சுக்கு அனுப்பும் விதியொன்றை யாப்பிற் சேர்த்துக்கொள்வது அதனைத் தவிர்க்கும் வழிகளுள் ஒன்று.

பணிப்பாளர் மாறும்போது, மாற்றம் நிகழ்ந்த 15 நாள்களுக்குள் ஒன்ராறியோ வர்த்தகப் பதிவகத்தில் அதனை அறிவிக்க வேண்டும். ஆண்டறிக்கையும் அங்கே பதியப்பட வேண்டும். பதிவகத்தில் முந்திய நிர்வாகத்தின் பெயர்களே நிற்குமாயின், வங்கிக் கணக்கு முதல் மானிய விண்ணப்பம் வரை எல்லாவற்றிலும் தடை எழலாம்.

யாப்பை மீளாய்வு செய்ய விரும்பும் நிர்வாகம், பின்வரும் கேள்விகளுக்கு யாப்பில் விடை உண்டா எனப் பார்த்துத் தொடங்கலாம்.

1. உறுப்பினர் ஆவதற்கும் உறுப்புரிமை முடிவதற்கும் உரிய நிபந்தனைகள் எவை? பதிவேட்டைப் பேணுபவர் யார்?

2. பணிப்பாளர் எத்தனை பேர்? பதவிக்காலம் நான்கு ஆண்டுகளுக்கு மேற்படாதுள்ளதா?

3. பணிப்பாளர் கூட்டத்துக்கும் உறுப்பினர் கூட்டத்துக்கும் உரிய நடப்பெண் எவ்வளவு?

4. கூட்ட அறிவித்தல் 10 முதல் 50 நாள் எல்லைக்குள் அடங்குகின்றதா? மின்னஞ்சலில் அனுப்பலாமா?

5. பதிலாள் வாக்கும் இணையவழிக் கூட்டமும் அனுமதிக்கப்படுகின்றனவா?

6. ஒழுங்கு நடவடிக்கை விதி 15 நாள் அறிவித்தலையும் விளக்கமளிக்கும் வாய்ப்பையும் கொண்டுள்ளதா?

7. பணிப்பாளரை நீக்கச் சட்டம் கூறுவதைவிடக் கூடிய வாக்கு கோரப்படுகின்றதா?

இவை பொதுத் தகவல்களே. சட்ட ஆலோசனை ஆகா. ‘ஒன்ராறியோ சமூகச் சட்டக் கல்வி’ நிறுவனம் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கான சட்ட விளக்கங்களையும் யாப்பு எழுதுவதற்கான உதவியையும் தன் இணையத்தளத்தில் இலவசமாக வழங்குகின்றது. ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை வழியாக ஒரு வழக்கறிஞருடனோ சட்டத்துணைவருடனோ 30 நிமிடம் வரை கட்டணமின்றி உரையாடவும் இயலும். அச்சந்திப்புக்குச் செல்வோர் கூட்டிணைப்புப் பத்திரம், யாப்பின் இறுதிப் படி, கடந்த வருடாந்தக் கூட்டத்தின் அறிக்கை ஆகிய மூன்றையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.